ஒரு மாதம் பின்தங்கி ஓடிய வாட்ச்: காரைக்குடி பாய் கடை

2025 மார்ச் 1, சனிக்கிழமை காலை. ஆத்தங்குடியில் நான் கணக்கு எழுதும் பூக்கல் (தரையில் பதிக்கும் சிமெண்ட் கல்) பட்டறையில் அன்றைக்குத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கிய கற்களுக்கு நேராகத் தேதி போட வேண்டும். கையைத் திருப்பி வாட்சைப் பார்த்தேன். 29 என்று இருந்தது. அப்படியே நோட்டில் 29 என்று எழுதிவிட்டேன். அடுத்த வரிக்குப் போகும்போதுதான் உறைத்தது. இந்த வருஷம் பிப்ரவரிக்கு ஏது 29?

சாதாரண வாட்சாக இருந்தால் இதில் ஒன்றுமே இல்லை. மாசக் கடைசியில் நாமே திருகைத் திருப்பித் தேதியைத் தள்ளி வைத்துக்கொள்வோம். ஆனால் இது பெர்பெச்சுவல் காலண்டர் வாட்ச். 30 நாள் மாதம், 31 நாள் மாதம், பிப்ரவரி, லீப் வருடம் எல்லாம் அதற்கே தெரியும். 2100 பிப்ரவரி 28 வரைக்கும் தேதியைத் தொடவே வேண்டாம் என்று கூட வந்த புத்தகத்திலேயே போட்டிருக்கிறது. (2100 நான்கால் வகுபடும், ஆனாலும் லீப் வருடம் இல்லை. நூறால் வகுபடும் வருடம் நானூறாலும் வகுபட்டால்தான் லீப். அதனால்தான் அந்த எல்லை.) அப்படிப்பட்ட வாட்ச் மார்ச் முதல் தேதியில் 29 காட்டினால், உள்ளே எங்கேயோ அடிப்படைக் கணக்கு தப்பாகியிருக்கிறது என்று அர்த்தம்.

அதைச் சரி செய்து கொடுத்த காரைக்குடிக் கடையைப் பற்றித்தான் எழுதுகிறேன். இந்த மாதிரி வாட்ச் வைத்திருப்பவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர். மலேசியா, சிங்கப்பூர் போய் வந்த வீடுகளில் பெட்டகத்தைத் திறந்தால் ஒன்றாவது இருக்கும். எனக்கு நேர்ந்தது அவர்களுக்கும் நேரக் கூடாது.

வாட்ச் எங்கள் அப்பச்சியுடையது (அப்பாவை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்). சிட்டிசன் ஈகோ டிரைவ். சிங்கப்பூரில் கணக்கு வேலையை முடித்துக்கொண்டு ஊர் திரும்பிய வருஷம், 2008இல், தனக்கென்று அவர் வாங்கிக்கொண்ட ஒரே பொருள் அதுதான். ஐந்தொகை எழுதியே பழகிய மனுஷர். தேதி விஷயத்தில் யாரையும் நம்ப மாட்டார், இந்த வாட்சை நம்பினார். பிள்ளையார் நோன்புக்குத் திருக்கார்த்திகையிலிருந்து 21 நாள் எண்ணும்போதுகூடப் பஞ்சாங்கத்தோடு இதையும் பக்கத்தில் வைத்துக்கொள்வார். “ஆனிக்கு 32 நாள், அது இதுக்குத் தெரியாது. மத்ததெல்லாம் தெரியும்” என்பார்.

2021இல் அப்பச்சி தவறிய பிறகு ஆத்தா வாட்சை இரும்புப் பெட்டியில் வைத்துவிட்டார்கள். இரண்டாம் கட்டு அறை, ஜன்னலே கிடையாது. நாலு வருஷம் அந்த இருட்டில் கிடந்தது. 2025 ஜனவரியில் எடுத்துப் பார்த்தபோது நின்றிருந்தது. நின்றால் பேட்டரி போயிருக்கும், மாற்ற வேண்டியதுதான். எல்லாரும் நினைப்பது போலத்தான் நானும் நினைத்தேன்.

முதலில் கொடுத்த கடை பெரிய கடை. கண்ணாடிக் கதவு, ஏசி, யூனிபார்ம் போட்ட பையன்கள். பெயரும் ஊரும் வேண்டாம். வாட்சை வாங்கிப் பின்மூடியைத் திறந்து, இருபது நிமிஷத்தில் “பேட்டரி போட்டாச்சுக்கா” என்று கொடுத்தார்கள். 250 ரூபாய். மணி சரி, தேதி 12, அன்றைக்கும் பிப்ரவரி 12தான். சந்தோஷமாகக் கட்டிக்கொண்டு வந்தேன்.

அப்புறம்தான் மார்ச் 1 வந்தது. அன்றைக்கு 29. ஞாயிறு 30, திங்கள் 31, செவ்வாய்க்கிழமை 1. புதன்கிழமை அதே கடைக்குப் போனேன். “தேதி கொஞ்சம் ஜாம் ஆயிருக்கும்” என்று சொல்லி, 5 என்று திருப்பி வைத்துக் கொடுத்தார் ஒருவர். காசு வாங்கவில்லை. ஆனால் ஏன் அப்படி ஆனது என்ற கேள்வியும் அங்கே யாருக்கும் வரவில்லை.

எனக்கு வந்தது. கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் தினமும் உண்மைத் தேதி ஒரு பக்கம், வாட்ச் காட்டும் தேதி ஒரு பக்கம் என்று எழுதிக்கொண்டே வந்தேன். மார்ச் 28க்கு 28. மார்ச் 29க்கு 29. மார்ச் 30, ஞாயிற்றுக்கிழமை, வாட்ச் 1க்குத் தாவிவிட்டது.

அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு ராத்திரி உட்கார்ந்தேன். பிப்ரவரி நடந்தபோது வாட்ச் 31 நாள் எண்ணியது. மார்ச் நடந்தபோது 29 நாள் எண்ணியது. 31 நாள் மாதத்துக்குப் பின்னால் 29 நாள் மாதம் வருவது ஒரே ஒரு இடத்தில்தான். லீப் வருடத்து ஜனவரியும் பிப்ரவரியும். ஆக, வாட்ச் கெட்டுப்போகவில்லை. ஒழுங்காகத்தான் எண்ணுகிறது. ஆனால் எண்ணத் தொடங்கிய இடம் தப்பு. பிப்ரவரி 12 அன்று அதனிடம் “இது லீப் வருடம், ஜனவரி, தேதி 12” என்று சொல்லிவிட்டிருக்கிறார்கள். எங்கள் தொழிலில் ஆரம்ப இருப்பைத் தப்பாகப் போட்டால் கூட்டலெல்லாம் சரியாக இருந்தும் கடைசியில் கணக்கு இடிக்கும். அதே கதை.

இதைத் தெரிந்துகொண்டேன், ஆனால் திருத்தத் தெரியவில்லை. அப்போதுதான் கண்டனூரில் இருக்கும் எங்கள் அத்தை மகன் சொன்னான், “காரைக்குடியில பாய் ஒருத்தர் இருக்கார். அவர் கையில கொடுங்க. அவர் வாங்க மாட்டேன்னு சொன்னா வேற யாராலயும் முடியாதுன்னு வச்சுக்கங்க.” மார்ச் 31 ரம்ஜான். பெருநாள் பரபரப்பெல்லாம் அடங்கட்டும் என்று ஏப்ரல் 5, சனிக்கிழமை போனேன்.

கொப்புடையம்மன் கோயில் பக்கம் கடைத்தெருவில் இரண்டு பெரிய கடைகளுக்கு நடுவே ஆறடிக்கு நாலடி இடம். போர்டு கிடையாது. பெயர் போட வேண்டாம் என்று பாய் கேட்டுக்கொண்டதால் நானும் போடவில்லை. தெருவில் யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். முன்னால் கண்ணாடி போட்ட மேசை, அதன் மேல் கவிழ்த்து வைத்த கண்ணாடி டம்ளர்கள், ஒவ்வொரு டம்ளருக்குள்ளும் திறந்து போட்ட ஒரு வாட்ச். தூசி படக் கூடாது என்று அப்படி. சிமெண்ட் தூசியிலேயே நாள் போகிற எனக்கு அந்த டம்ளர்களைப் பார்த்ததுமே பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

பாய்க்கு எழுபதுக்கு மேல் இருக்கும். வாட்சை நீட்டினேன். திறக்கவில்லை. முதலில் பின்மூடியில் பொடி எழுத்தில் இருக்கும் எண்ணைக் கண்ணாடி வைத்துப் படித்தார். நடுக்கோடுக்கு முன்னால் இருக்கும் நாலு எழுத்துத்தான் உள்ளே இருக்கும் மெஷினின் எண். இதில் ஈ870. அதற்குப் பிறகு வருவதெல்லாம் கூட்டின் எண், அது நமக்கு வேண்டியதில்லை. மேசைக்குக் கீழிருந்து கெட்டி அட்டை போட்ட பைல் ஒன்றை எடுத்தார். மெஷின் எண் வாரியாக அச்செடுத்து அடுக்கிய தாள்கள். ஈ870 தாளை எடுத்து மேசையில் விரித்து வைத்த பிறகுதான் என்னிடம் பேசினார்.

“பேட்டரி மாத்துனீங்களா ஆச்சி?”

“ஆமா பாய். பிப்ரவரியில.”

“பழைய செல்லு கொடுத்தாங்களா?”

கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் சொன்னார், “இது சூரிய வெளிச்சத்துல சார்ஜ் ஆகுற வாட்ச். உள்ள இருக்கறது சாதா பேட்டரி இல்லை, சார்ஜ் ஏறுற செல். இருட்டுல வருஷக்கணக்கா கெடந்தா காலியாகி நிக்கத்தான் செய்யும். முதல்ல அஞ்சாறு நாள் வெளிச்சத்துல வச்சுப் பாத்திருக்கணும். ஓடியிருந்தாலும் ஓடியிருக்கும்.”

இதைக் கேட்டு எனக்கு மனசு ரொம்பக் கனத்துப்போனது. எங்கள் வீட்டு வளவில் (நடு முற்றத்தில்) காலை வெயில் தாராளமாக விழும். ஆத்தா வற்றல் காயப்போடும் அதே இடத்தில் நாலு நாள் வைத்திருந்தால் போதுமாக இருந்திருக்கலாம். அப்பச்சி வாங்கியபோது உள்ளே இருந்த செல் இன்றைக்கு எந்தக் குப்பையில் இருக்கிறதோ.

பின்மூடியைத் திறந்து எனக்கும் காட்டினார். இந்த வாட்சுக்கான செல்லில் மெல்லிய தகடு ஒன்று பற்றவைத்தே வரும். சாதாரண பேட்டரியை வாங்கிப் போட முடியாதபடி அந்த ஏற்பாடு. முதல் கடைக்காரர் பழைய செல்லிலிருந்து அந்தத் தகட்டைப் பிய்த்து, சாதாரண சில்வர் ஆக்சைடு பேட்டரி மேல் வைத்து டேப் ஒட்டியிருந்தார். வாட்ச் ஓடும். ஆனால் முகப்புக்குக் கீழே இருக்கும் சோலார் தகடு வெளிச்சம் படும்போதெல்லாம் மின்சாரத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும். சார்ஜ் ஏற்றக் கூடாத பேட்டரியில் அது ஏறினால் பேட்டரி கசியும். ஒரு ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது, கடுகளவுதான். இரண்டு மாதத்தில் அந்தளவு. “இன்னும் ஆறு மாசம் விட்டிருந்தா சர்க்யூட்டையே தின்னிருக்கும்” என்றார் பாய். இடுக்கியால் டேப்பை அவர் உரித்த விதத்தை இப்போதும் சொல்ல முடியும். ஒரு ஓரத்தைத் தூக்கி, நிறுத்தி, இன்னொரு ஓரத்தைத் தூக்கி. புண்ணில் ஒட்டிய பிளாஸ்திரியை எடுப்பது போல.

என் கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைக் காட்டினேன். விரல் வைத்து வரிசையாகப் படித்தார். 31, அப்புறம் 29. “நீங்களே கண்டுபுடிச்சுட்டீங்க. ஜனவரியில நிக்குது” என்று சொல்லிவிட்டு, அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டார். இப்படி எழுதிக்கொண்டு வருகிறவர்கள் இருந்தால் தன் வேலை பாதி குறையும் என்றார்.

சரியான செல் சென்னையிலிருந்து வர வேண்டும், மூன்று வாரம் ஆகும் என்றார். செல் 1,100, கூலி 400, பின்மூடி ரப்பர் வளையம் புதிது 80. அன்றைக்குப் பணம் வாங்கவில்லை. வாட்சிலிருந்து அந்தத் தப்பான பேட்டரியை எடுத்து என் கையிலேயே கொடுத்து, வாட்சை மட்டும் டம்ளருக்குள் வைத்துக்கொண்டார்.

மே 3, சனிக்கிழமை, கூப்பிட்டு வரச் சொன்னார். “நீங்க பக்கத்துல இருக்கும்போதுதான் செட் பண்ணுவேன். நாளைக்கு நின்னுபோச்சுன்னா நீங்களே பண்ணிக்கத் தெரியணும்.” சுமார் நாற்பது நிமிஷம் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தேன். அந்த நாற்பது நிமிஷத்துக்காகவே இந்தக் கடையை நான் சொல்வேன்.

செல்லைப் போட்டதும் செகண்ட் முள் நகர்ந்தது. ஆனால் இரண்டு செகண்டுக்கு ஒரு தாவலாக. சார்ஜ் குறைவு என்றால் இந்த வாட்ச் அப்படித்தான் சொல்லும், பயப்பட வேண்டாம் என்றார். பக்கத்தில் கடை வாசலில் வெளிச்சம் விழும் இடத்தில் வைத்து, ஒரு டீ குடித்து முடித்தபோது முள் ஒவ்வொரு செகண்டாகப் போகத் தொடங்கியிருந்தது.

அப்புறம் உள்ளே இருக்கும் பழைய நினைவை எல்லாம் அழித்தார். செல் மாற்றினால் இது கட்டாயம். திருகை வெளியே இழுத்து, தாளில் சொன்னபடி பொத்தான்களை அழுத்தி விட்டதும் முள்கள் ஒரு தடவை அசைந்து நின்றன. அதைச் செய்யாமல் மணியை மட்டும் வைத்தால் சிப்புக்குள் பழைய குழப்பம் அப்படியே இருக்கும்.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்குப் புதிது. முள்களைப் பன்னிரண்டுக்கு நேராகக் கொண்டுவந்தார். செகண்ட் முள் பன்னிரண்டைத் தாண்டி இரண்டு கோடு தள்ளி நின்றுகொண்டிருந்தது. தேதி ஜன்னலில் 31இன் கால்பகுதியும் 1இன் முக்கால்பகுதியும் தெரிந்தது. ஏன் இதெல்லாம் என்று கேட்டேன். உள்ளே இருக்கும் மோட்டாருக்கு முள் எங்கே நிற்கிறது என்று கண்ணால் பார்க்கத் தெரியாது ஆச்சி, எத்தனை அடி எடுத்து வைத்தோம் என்று எண்ண மட்டும்தான் தெரியும், அதனால் “இதுதான் பூஜ்யம்” என்று ஒரு இடத்தை நாம் காட்டிக்கொடுக்க வேண்டும் என்றார். முள்கள் எல்லாம் 12இல், தேதி 1இல். அதுதான் பூஜ்யம். அங்கே தப்பினால் பிறகு என்ன செட் செய்தாலும் அவ்வளவு தப்பு கூடவே வரும். அலாரம் வைத்தாலும், ஸ்டாப்வாட்ச் ஓடவிட்டு நிறுத்தினாலும் முள் தப்பான கோட்டில் வந்து நிற்கும். தேதித் தட்டு ஜன்னலுக்கு நட்ட நடுவில் வரும்வரை லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டு ஒரு கோடாக ஒரு கோடாக நகர்த்தினார்.

கடைசியில் காலண்டர். வாட்ச் முகப்பில் மாதமோ வருடமோ எங்கும் எழுதியிருக்காது. அது செகண்ட் முள்ளில் ஒளிந்திருக்கிறது. காலண்டர் செட் பண்ணும் நிலைக்குப் போனதும் செகண்ட் முள் சட்டென்று ஓடி ஓரிடத்தில் நிற்கும். முதல் கடையில் அப்படி ஓடியதைப் பார்த்திருப்பார்கள், ஏன் ஓடியது என்று யோசித்திருக்க மாட்டார்கள்.

பாய் ஒரு காகிதத்தில் வட்டம் போட்டு விளக்கினார். முகப்பைப் பன்னிரண்டு பங்காகப் பிரித்துக்கொள்ள வேண்டும். மணி 1க்கும் 2க்கும் இடைப்பட்ட இடம் ஜனவரி. 2க்கும் 3க்கும் இடையே பிப்ரவரி. அப்படியே போய், 12க்கும் 1க்கும் இடையே டிசம்பர். ஒவ்வொரு பங்குக்குள்ளும் இருக்கும் நிமிஷக் கோடுகள் வருடத்துக்கு. மணிக் கோட்டின் மேலேயே முள் நின்றால் லீப் வருடம். அடுத்த கோடு லீப் முடிந்து ஒரு வருடம். அதற்கடுத்தது இரண்டு. அதற்கடுத்தது மூன்று. 2024 லீப். 2025 அதற்கு அடுத்த வருடம். அன்றைக்கு மே மாதம். ஆக முள் 5ஐத் தாண்டிய முதல் கோட்டில், அதாவது 26ஆவது செகண்டில் நிற்க வேண்டும்.

“இப்ப நீங்க திருப்புங்க” என்று வாட்சை என் கையில் கொடுத்தார். திருகை மெல்லத் திருப்பினேன். முள் கோடு கோடாக நகர்ந்தது. 23, 24, 25. அங்கே நிறுத்தினால் லீப் வருட மே. இன்னும் ஒரு சொடுக்கு. 26. அந்த ஒரு கோட்டில்தான் முழு விஷயமும் இருக்கிறது. முள் எந்த மாதத்தில், எந்தக் கோட்டில் நிற்கிறது என்று யாரும் பார்க்காமல் விட்டதால்தான் என் நோட்டில் பிப்ரவரி 29 வந்தது.

அதற்குப் பிறகு தேதி, மணி. மணி வைக்கும்போது 24 மணி நேரம் காட்டும் சின்ன வட்டத்தையும் பார்த்துக்கொள்ளச் சொன்னார். பகலா ராத்திரியா என்று மாற்றி வைத்துவிட்டால் தேதி நடுப்பகல் பன்னிரண்டுக்கு மாறும். பலரும் “வாட்ச் கெட்டுப்போச்சு” என்று கொண்டுவருவது இதற்குத்தானாம்.

ஒன்று தவிர எனக்குக் குறை இல்லை. இந்த வாட்சில் தண்ணீர் தாங்கும் அளவு பின்மூடியில் போட்டிருக்கிறது. மூடியைத் திறந்து மூடினால் ரப்பர் வளையம் மாற்றியிருந்தாலும் அழுத்தம் வைத்துச் சோதிக்க ஒரு மெஷின் வேண்டும். பாயிடம் அது இல்லை. அவரே சொல்லிவிட்டார், “இனிமே இதைக் கட்டிக்கிட்டுக் கொளத்துல எறங்காதீங்க. கை கழுவுறது பரவாயில்லை.” நீச்சலுக்கு வாட்ச் கட்டுகிறவர்கள் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போவதுதான் சரி. நான் பட்டறையில் தொட்டி வேலை இருக்கும் நாளில் கழற்றிப் பையில் வைத்துக்கொள்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், குறை என்று இல்லை, தெரிந்து போவதற்கு. கடை காலையில் பதினொன்றுக்கு மேல்தான். மத்தியானம் இரண்டு மணி நேரம் மூடல். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு சாயங்காலம்தான் திறப்பார். செல் வந்துவிட்டதா என்று போன் பண்ணினால் எடுக்க மாட்டார், வந்தால் அவரே கூப்பிடுவார். மூன்று வாரம் என்றது நாலு வாரம் ஆனது. அவசரக்காரர்களுக்கு இந்த இடம் ஒத்துவராது. நான் மூன்று தடவை பஸ் ஏறிப் போனேன். மூன்று தடவையும் போனதில் எனக்கு வருத்தமில்லை.

வாட்ச் எப்படி என்று கேட்டால், கட்டுகிறவர்களுக்கு இதைப் போல நிம்மதி வேறு இல்லை என்பேன். மாதத்துக்கு 15 செகண்ட் முன்பின் போகலாம் என்று புத்தகத்தில் இருக்கிறது. என்னுடையது அந்தளவுகூடப் போகவில்லை. ஆனால் வெளிச்சம் வேண்டும். பீரோவுக்குள், பட்டுப் புடவைக்கு நடுவில், பெட்டகத்தில் வைக்க இது நகை இல்லை. பட்டாலையில் ஜன்னல் பக்கம் ஆணியில் மாட்டிவிட்டாலே போதும். அதற்காகச் சித்திரை வெயிலில் மத்தியானம் மொட்டை மாடியில் போட்டுவிடக் கூடாது. வெளிச்சம்தான் வேண்டுமே தவிர சூடு ஆகாது. கார் கண்ணாடிக்கு அடியில் வைப்பதும் அப்படித்தான். நான் காலை ஏழிலிருந்து ஒன்பதுவரை வளவுத் திண்ணையில் வைத்தேன், ஒரு வாரம். இப்போது கையில் கட்டியிருப்பதே போதுமாக இருக்கிறது, முந்தானை மூடாமல் பார்த்துக்கொள்கிறேன்.

இந்த மாதிரி வாட்சை எந்தக் கடையில் கொடுத்தாலும், கொடுப்பதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: “மாசமும் வருஷமும் எப்படி செட் பண்ணுவீங்க?” அவர் தேதியைப் பற்றிப் பேசத் தொடங்கினால் வாட்சைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். செகண்ட் முள்ளைப் பற்றியோ, மெஷின் எண்ணைப் பற்றியோ, தாளைப் பார்க்க வேண்டும் என்றோ சொன்னால் நம்பிக் கொடுக்கலாம். எல்லா கம்பெனி வாட்சிலும் செகண்ட் முள் முறைதான் என்று இல்லை, மெஷினுக்கு மெஷின் மாறும். அதனால்தான் தாள். பழைய செல்லையும் கேட்டு வாங்குங்கள். வாட்ச் திரும்ப வந்த பிறகு 30 நாள் மாதம் ஒன்று முடியும்வரை வேலை முடிந்ததாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 31 நாள் மாதத்தில் தப்பு வெளியே தெரியாமல் போகலாம்.

நான் அப்படித்தான் காத்திருந்தேன். ஜூன் 30 முடிந்து ஜூலை 1 சரியாக வந்தது. செப்டம்பர், நவம்பரும் சரி. பிப்ரவரி மட்டும் பாக்கி.

2026 பிப்ரவரி 28, சனிக்கிழமை ராத்திரி. ஆத்தாவும் தூங்காமல் உட்கார்ந்திருந்தார்கள். வளவில் விளக்கைப் போட்டு, வாட்சைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டோம். பன்னிரண்டு அடித்ததும் ஜன்னலில் 28 மெல்ல இறங்கத் தொடங்கியது. 29 வந்தது. எனக்கு ஒரு நிமிஷம் நெஞ்சு அடைத்தது. ஆனால் நிற்கவில்லை, அதுவும் இறங்கியது. 30. 31. அப்புறம் 1 வந்து, ஜன்னலுக்கு நட்ட நடுவில் நின்றது. “அப்பச்சி இருந்தா இந்நேரம் பஞ்சாங்கத்தை எடுத்துச் சரிபார்த்திருப்பாக” என்றார்கள் ஆத்தா.

அடுத்த வாரம் காரைக்குடி போனபோது பாய் கடைக்கும் போனேன். நோன்பு மாதம், உதடு காய்ந்திருந்தது, ஆனாலும் எழுந்து பைலை எடுத்தார். அதில் கடைசித் தாளில் இந்த மாதிரி வாட்சுகளுக்கென்று தனியாக ஒரு பட்டியல் வைத்திருக்கிறார், பெயருக்குப் பதில் ஊர் போட்டு. ஆத்தங்குடி என்ற வரியைத் தேடிக் கண்டுபிடித்து, அதற்கு நேராகப் பென்சிலால் “28-2 சரி” என்று எழுதிக்கொண்டார்.